உதவி பெறுபவரின் விருப்பம்: வரலாறு காட்டும் வழி

 



உடல் ஊனமுற்றோருக்கும், நோயில் வீழ்ந்தோருக்கும், முதுமையால் தளர்ந்தோருக்கும் உதவுவது பெரும் நன்மை என்பதை நம்மில் அறியாதவர் எவருமில்லை. ஜும்ஆ மேடைகளில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் இதனுடன் சேர்ந்த இன்னொரு கேள்வி நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. ஒருவருக்கு நாம் உதவுகிறோம். அவரைக் குளிப்பாட்டுவது எந்த நேரம், உடை மாற்றுவது யார், உணவு எது, வெளியே செல்வது எப்போது, அவர் பெயரில் வரும் பணத்தைச் செலவழிப்பது யார்? இவற்றையெல்லாம் முடிவு செய்யும் உரிமை உதவுகிறவருக்கா, உதவி பெறுகிறவருக்கா?

நம் வீடுகளில் நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட தந்தை இருக்கிறார். அவரது நாவும் அறிவும் நன்றாகவே இயங்குகின்றன. ஆயினும் வைத்தியரிடம் அவருக்காகப் பேசுவது மகன். அவரது அறையை மாற்றுவதும் அவரது தறியை விற்பதும் அவரைக் கேட்காமலே நடக்கின்றன. கால் நடக்க இயலாத மகளின் பெயரில் உதவித்தொகை வருகிறது. கையெழுத்து அவளுடையது, பணமோ அண்ணனுடைய பையில். இவர்களில் யாரும் கொடியவர்கள் அல்லர். அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் கேட்காமல் செய்கிறார்கள். இந்த வழக்கத்தை இஸ்லாமிய வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நபிகளார் கேட்டார்கள்

கண்பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் பின் உம்மி மக்தூம் (ரலி) அவர்களைக் குறித்து 'அபஸ' எனும் 80ஆவது அத்தியாயம் இறங்கிய வரலாற்றை நாம் அறிவோம். நாடி வந்த ஒருவரைப் பிற்படுத்தக் கூடாது என்பதை அல்லாஹ் தன் தூதருக்கே உணர்த்தினான். அதன் பின்னர் அத்தோழர் மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பை வகித்தார்கள். நபிகளார் பயணம் புறப்பட்ட வேளைகளில் மதீனாவில் அவர்களின் பிரதிநிதியாகவும் நியமிக்கப்பட்டார்கள். பார்வையின்மை அவர்களின் பொறுப்பைக் குறைக்கவில்லை.

இவ்வரலாறு பலமுறை சொல்லப்பட்டது. அடுத்து வரும் மூன்று நிகழ்ச்சிகளை ஒன்றாக வைத்துப் பார்ப்பவர் குறைவு.

முதலாவது, இத்பான் பின் மாலிக் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. அவர்கள் தம் கூட்டத்தாருக்கு இமாமாக இருந்தவர்கள். பார்வை குன்றிவிட்டது. மழைக் காலத்தில் வீட்டிற்கும் பள்ளிவாசலுக்கும் இடையிலுள்ள ஓடையில் வெள்ளம் பெருகிவிடும், கடக்க இயலாது. எனவே தம் வீட்டிற்கு வந்து ஓரிடத்தில் தொழுமாறும், அவ்விடத்தைத் தாம் தொழுமிடமாக ஆக்கிக்கொள்வதாகவும் நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினார்கள். நபிகளார் மறுநாள் அபூபக்ர் (ரலி) அவர்களுடன் வந்தார்கள். வீட்டினுள் நுழைந்ததும் அமரவில்லை. வீட்டில் எந்த இடத்தில் தாம் தொழுவதை அவர் விரும்புகிறார் என்று வினவினார்கள். இத்பான் (ரலி) ஒரு மூலையைச் சுட்டிக்காட்ட, அங்கேயே தொழுதார்கள். புகாரியில் இது பதிவாகியுள்ளது. தொழுமிடத்தைத் தேர்ந்தெடுக்கும் தகுதி அல்லாஹ்வின் தூதருக்கு இல்லையா? இருந்தும் அந்த வீட்டில் வாழப் போகிறவர் எவரோ அவரிடமே கேட்டார்கள்.

இரண்டாவது, மனநிலையில் சிறிது குறை இருந்த ஒரு பெண்மணியின் நிகழ்ச்சி. தமக்கு ஒரு தேவை இருப்பதாக அவர் நபிகளாரிடம் கூறினார். நபிகளார் அவரை மரியாதையாக, இன்னாரின் தாயே என்று விளித்து, தெருக்களில் அவர் விரும்புவது எதுவோ அதைச் சொல்லுமாறும், அங்கு வந்து அவரது தேவையை நிறைவேற்றுவதாகவும் கூறினார்கள். அவ்வாறே அவருடன் ஒரு வழியில் தனியே நின்று, அவர் பேசி முடிக்கும் வரை கேட்டார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி முஸ்லிமில் உள்ளது. புத்தி சரியில்லாதவர் என்று ஊரார் ஒதுக்கக்கூடிய ஒருவருக்கு இடத்தைத் தேர்வு செய்யும் உரிமை வழங்கப்பட்டது.

மூன்றாவது, வலிப்பு நோயால் அவதியுற்ற கறுப்பினப் பெண்மணி. நோய் வரும்போது தம் உடை விலகிவிடுகிறது. தமக்காகப் பிரார்த்திக்க வேண்டும் என்று அவர் கேட்டார். நபிகளார் அவர் முன் இரண்டு வழிகளை வைத்தார்கள். பொறுத்துக்கொண்டால் சுவனம், விரும்பினால் குணமடையப் பிரார்த்தனை. அப்பெண்மணி பொறுமையைத் தேர்ந்தெடுத்தார். உடை விலகாதிருக்க மட்டும் பிரார்த்திக்குமாறு கேட்டுக்கொண்டார். அவர் கேட்டது எதுவோ அதற்காகவே நபிகளார் பிரார்த்தித்தார்கள்.

இந்தச் செய்தியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடமிருந்து நமக்கு அறிவிப்பவர் அதாஃ பின் அபீ ரபாஹ் (ரஹ்) அவர்கள். அவர்களும் கறுப்பினத்தவர், ஒரு கண் பார்வை இல்லாதவர், கால் ஊனமானவர், பிற்காலத்தில் முழுப் பார்வையையும் இழந்தவர். உமைய்யாக்கள் காலத்தில் மக்காவின் மாபெரும் முஃப்தியாக விளங்கியவரும் அவர்களே.

இம்மூன்று நிகழ்ச்சிகளிலும் நபிகளார் உதவினார்கள் என்பது மட்டும் செய்தியன்று. கேட்டுவிட்டு உதவினார்கள் என்பதே செய்தி.

குடும்பத்தார் தடுத்தபோது

சில வேளைகளில் குடும்பத்தாரின் அன்பும் உரியவரின் விருப்பமும் மோதிக்கொள்ளும். அப்போது என்ன செய்வது? அதற்கும் மதீனாவில் முன்மாதிரி உண்டு.

அம்ரு பின் ஜமூஹ் (ரலி) அவர்கள் கடுமையாக நொண்டி நடப்பவர்கள். அவர்களுக்கு வீரமிக்க நான்கு மகன்கள். ஹிஜ்ரி 3இல் (கி.பி. 625) உஹுதுப் போர் வந்தபோது, அல்லாஹ்வே தங்களுக்குச் சலுகை அளித்திருக்கிறான், வீட்டில் இருங்கள் என்று மகன்கள் தந்தையைத் தடுத்தார்கள். தந்தையோ நபிகளாரிடம் முறையிட்டார். நபி (ஸல்) அவர்கள் சட்டத்தை அவருக்குத் தெளிவாக எடுத்துரைத்தார்கள். அவர் மீது கடமை இல்லை என்றார்கள். பின்னர் மகன்களை நோக்கி, அவரைத் தடுக்காதிருக்குமாறு கூறினார்கள். அவர் சென்றார், உஹுதில் ஷஹீதானார். சலுகை என்பது ஊனமுற்றவரின் கையில் தரப்பட்ட உரிமை. அதைக் கொண்டு மற்றவர் அவரைக் கட்டிப்போட முடியாது என்பதே இதன் பாடம்.

இன்னொரு நிகழ்ச்சி வணிகம் பற்றியது. ஹப்பான் பின் முன்கித் (ரலி) அவர்களுக்குத் தலையில் ஏற்பட்ட காயத்தால் பேச்சும் சிந்தனையும் தளர்ந்திருந்தன. (சில அறிவிப்புகளில் இது அவர்களின் தந்தையைப் பற்றியதாக வருகிறது.) அவர் வாங்கல் விற்றலில் ஏமாற்றப்பட்டு வந்தார். குடும்பத்தார் நபிகளாரிடம் வந்து, அவர் வணிகம் செய்யத் தடை விதிக்குமாறு கேட்டார்கள். நபிகளார் அவரை அழைத்து வணிகம் வேண்டாமே என்றார்கள். தம்மால் அதை விட்டிருக்க முடியவில்லை என்று அவர் சொன்னார். அப்போது நபிகளார் அவர் கையைக் கட்டவில்லை. கொள்முதல் செய்யும்போது ஏமாற்றுக்கு இடமில்லை என்று நிபந்தனை சொல்லிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். வேறு சில அறிவிப்புகளில், பொருளைத் திருப்பித்தர 3 நாள் அவகாசமும் அவருக்கு உண்டு என வந்துள்ளது.

அன்பர்களே! அவருக்கு விவரம் தெரியாது, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். விவரம் குறைந்தவருக்கும் விருப்பம் உண்டு என்பதை நபிகளார் ஏற்றார்கள். முடிவெடுக்கும் உரிமையைப் பறிக்காமல், முடிவெடுப்பதற்குத் துணை கொடுத்தார்கள்.

கலீஃபாக்கள் செய்த ஏற்பாடு

பார்வையிழந்த நபித்தோழர் ஸஈத் பின் யர்பூஃ (ரலி) அவர்களைக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காணச் சென்றார்கள். ஜும்ஆவையும் பள்ளிவாசல் தொழுகையையும் விட்டுவிட வேண்டாம் என்றார்கள். அழைத்துச் செல்ல ஆள் இல்லையே என்றார் அவர். உமர் (ரலி) அவர்கள் அறிவுரையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வழிநடத்த ஓர் இளைஞரை அனுப்பிவைத்தார்கள்.

உமைய்யா கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக் ஹிஜ்ரி 86 முதல் 96 வரை (கி.பி. 705-715) ஆட்சி செய்தவர். நடக்க இயலாத ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளையும், பார்வையற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியையும் அவர் ஏற்படுத்தினார். தொழுநோயாளிகள் மக்களிடம் கையேந்தாதிருக்க உதவித்தொகை வழங்கினார் என்று வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்துள்ளார்.

அவருக்குப் பின் வந்த உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் (கி.பி. 717-720) ஷாம் நாட்டு அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். பார்வையற்றோர், முடங்கியோர், பக்கவாதமுற்றோர், தொழுகைக்கு எழுந்து நிற்க இயலாத நீண்ட கால நோயுடையோர் ஆகியோரின் பட்டியல் கேட்டார்கள். பட்டியல் வந்ததும் பார்வையற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி, முடங்கியோர் இருவருக்கு ஒரு பணியாள் என்று ஆணையிட்டார்கள். இப்னுல் ஜவ்ஸீ எழுதிய வரலாற்று நூலில் இதைக் காணலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்களை ஓரிடத்தில் திரட்டி ஒரே கூடத்தில் அடைத்து வைக்க ஆணையிடப்படவில்லை. பணியாள்தான் அவர்களிடம் அனுப்பப்பட்டார். தம் வீட்டில், தம் தெருவில், தம் பள்ளிவாசலுக்கு அருகில் அவர்கள் வாழ்ந்தார்கள்.

ஃபிக்ஹ் அறிஞர்களின் பார்வை

நம் இமாம்கள் வகுத்த சட்டங்களிலும் இந்த உணர்வு ஊடுருவி நிற்கிறது. தாமாக ஒளூச் செய்ய இயலாதவர் பற்றி ஷாஃபிஈ மத்ஹபில் சொல்லப்படுவதைப் பாருங்கள். உதவ ஒருவர் கிடைக்காவிட்டால், அவர் வசதியுடையவராயின் வழக்கமான கூலி கொடுத்து ஓர் ஆளை அமர்த்திக்கொள்ள வேண்டும். அந்த ஒளூவுக்கான நிய்யத் யாருடையது? தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுகிறவருடையது அன்று, கழுவப்படுகிறவருடையதே. கை பிறருடையதாக இருக்கலாம், செயல் அவருடையது.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், பருவமடைந்த, அறிவுள்ள ஒருவர் பொருளை வீணடிப்பவராக இருந்தாலும் கூட அவரது கொடுக்கல் வாங்கலுக்குத் தடை விதிக்கலாகாது என்றார்கள். அவ்வாறு தடுப்பது அவரது மனிதத் தன்மையையே அழிப்பதாகும். பொருள் அழிவதைவிட அது பெரிய கேடு என்று 'ஹிதாயா' நூலாசிரியர் இதற்குக் காரணம் கூறுகிறார். இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஆகியோர் வீணடிப்பவரின் பொருளுக்குத் தடை விதிக்கலாம் என்றே கருதினார்கள். ஆயினும் ஒன்றில் எல்லாரும் ஒன்றுபடுகிறார்கள்: உடலின் ஊனம் எந்த மத்ஹபிலும் ஒருவரது உரிமையைத் தடுப்பதற்குக் காரணமாகாது. சொல்லித்தர இயலாத அளவு பலவீனமானவருக்காக அவரது பொறுப்பாளர் பேசலாம் என அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் அனுமதிக்கிறது. அதுவும் நீதியோடு என்ற நிபந்தனையுடன்தான்.

ஜகாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹனஃபீ மத்ஹபில் தம்லீக் என்பது நிபந்தனை. அதாவது, பெறத் தகுதியுடையவரின் உடைமையாக அந்தப் பொருளை ஆக்க வேண்டும். அறிவும் பருவமும் உடைய ஊனமுற்ற சகோதரிக்குரிய ஜகாத்தை, அவர் அனுமதிக்காத நிலையில் அண்ணன் கையில் கொடுத்துவிட்டால் அவருக்குக் கொடுத்ததாக ஆகாது. அவரே பெற வேண்டும். அல்லது அவர் நியமித்த ஆள் பெற வேண்டும். இதைப் பின்னர் இன்னொரு முறை நினைவுகூரப் போகிறோம்.

ஏர்வாடி தந்த பாடம்

இத்தகைய வரலாற்றை உடைய சமுதாயத்தின் நடுவிலேதான் 2001 ஆகஸ்ட் 6 அன்று அந்தத் துயரம் நிகழ்ந்தது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டி இயங்கிய ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் அதிகாலையில் தீப்பிடித்தது. அங்கிருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள்.

அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தோருமே. குணமாகட்டும் என்ற எண்ணத்தோடு விட்டார்கள். தமக்கு எங்கே இருக்க விருப்பம் என்று அந்த 28 பேரில் எத்தனை பேரிடம் கேட்கப்பட்டிருக்கும்? அந்தக் கேள்விக்கு நாளை மறுமையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் யார்? கேட்காத பராமரிப்பு சிறிய வீட்டில் சிறிய மனவருத்தமாகத் தொடங்குகிறது. அதுவே வளர்ந்தால் சங்கிலியாக முடிகிறது. உச்ச நீதிமன்றம் இதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. சங்கிலியில் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகவே தடை செய்துவிட்டது.

பெர்க்லி, வேலூர், ஆய்க்குடி

உதவி பெறுபவரே தம் உதவியை நடத்த வேண்டும் என்ற எண்ணம் சென்ற நூற்றாண்டில் பிற நாடுகளிலும் எழுந்தது. அமெரிக்காவின் எட் ராபர்ட்ஸ் 14 வயதில் போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். மூச்சுக்கு இயந்திரத்தின் துணை வேண்டும். 1962இல் அவர் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவருக்கேற்ற விடுதி இல்லாததால் பல்கலைக்கழக மருத்துவமனையிலேயே தங்கிப் படித்தார். அவரைப் போன்ற வேறு மாணவர்களும் அங்கே வந்து சேர்ந்தனர். தங்களைத் தூக்கி அமர்த்தவும் உடுத்திவிடவும் வேண்டிய உதவியாளரை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். அவர்களே வேலை கற்றுக்கொடுத்தார்கள். பிடிக்காவிட்டால் அவர்களே மாற்றினார்கள். கூலியை அரசு கொடுத்தது. 1972இல் இந்த முறையை ஊர் மக்களுக்கும் விரிவாக்க ஒரு மையம் தோன்றியது. வேலைக்கு லாயக்கற்றவர் என்று ஒரு காலத்தில் எட் ராபர்ட்ஸை ஒதுக்கிய அதே மறுவாழ்வுத் துறைக்கு 1975இல் அவரே இயக்குநராக நியமிக்கப்பட்டார்.

சுவீடனில் இதற்கென 1994இல் தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனில் 1996இல் இயற்றப்பட்ட சட்டம், பராமரிப்புக்கான அரசுப் பணத்தை நிறுவனத்திடம் கொடுக்காமல் ஊனமுற்றவரின் கையிலேயே கொடுக்க வழி செய்தது. தம்லீக் என்று நம் இமாம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதி வைத்ததை இப்போது நினைவுகூருங்கள். பெறுகிறவரின் உடைமையாக ஆக்குவதே கொடுப்பது.

இதற்காக நாம் கடல் கடக்கவும் வேண்டியதில்லை. ஆர்.கே.பேட்டையிலிருந்து சோளிங்கர் வழியாகச் சென்றால் வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் முதுகுத் தண்டு முறிந்து இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966இல் அங்கே தொடங்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்தின் தூணாக விளங்கினார். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. படுக்கையில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்பதை, படுக்கையில் இருந்த ஒருவரே முடிவு செய்த நிலையம் அது.

தெற்கே தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் என்பவர். பொறியியல் மாணவராயிருந்த அவர், 1975இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது தவறி விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981இல் தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். தசைச் சிதைவு நோயுடைய பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் 1992இல் அவருடன் இணைந்தார். ஊனமுற்ற இருவர் தலைமையில், ஆயிரக்கணக்கான ஊனமுற்றோருக்கான பணி வளர்ந்தது. 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. உடலுக்குப் பிறர் கை தேவைப்படுகிறவரின் தலையும் பிறர் தோளில்தான் இருக்க வேண்டும் என்பது பொய் என்பதற்கு இவர்கள் சான்று.

சட்டம் சொல்வது

2006 டிசம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அதன் 19ஆவது பிரிவு கூறுகிறது. இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று இதற்கு ஒப்புதல் அளித்தது. இதன் வழியில் வந்ததே 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். சமுதாயத்தோடு சேர்ந்து வாழும் உரிமையை அதன் 5ஆவது பிரிவு தருகிறது. குறிப்பிட்ட இடத்தில்தான் வாழ வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. தனி உதவியாளர் வசதியையும் குறிப்பிடுகிறது. 14ஆவது பிரிவு, அவசியமான இடத்திலும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலரையே பேசுகிறது. அவர் உரியவரைக் கலந்து, அவர் விருப்பப்படியே முடிவெடுக்க வேண்டும். தமக்கு உயர் ஆதரவு தேவை என்று கருதுகிறவர் தாமே விண்ணப்பிக்க 38ஆவது பிரிவு வழி செய்கிறது. மனநலச் சட்டத்திலோ, நோய் முற்றினால் தமக்கு எவ்விதச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கவும், தமக்காகப் பேச ஒருவரை நியமிக்கவும் இடமுண்டு.

எங்களைப் பற்றிய முடிவை எங்களை விட்டுவிட்டு எடுக்காதீர்கள் என்பது ஊனமுற்றோரின் குரல். நம் வட்டாரத்தாருக்கு இந்தக் குரல் புதிதன்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி வட்டாரம் அங்கே போயிற்று. ம.பொ. சிவஞானம், மங்கலங்கிழார் போன்றோர் முன்னின்று நம் மக்களின் விருப்பத்தைக் கேளுங்கள் என்று போராடினார்கள். 1960 ஏப்ரல் 1 அன்று இவ்வட்டாரம் தமிழகத்துடன் இணைந்தது. மண்ணுக்கே அந்த நியாயம் பொருந்துமானால், ஒரு மனிதனின் சொந்த உடலுக்குப் பொருந்தாதா?

நம் மஹல்லாவில் செய்ய வேண்டியவை

இதைக் கேட்டுச் சிலர் வினவலாம்: பெற்றோருக்குப் பணிவிடை செய்வது பிள்ளையின் கடமையாயிற்றே, கூலியாள் எதற்கு? பணிவிடை என்பது அவர்கள் விருப்பத்தை நிறைவேற்றுவதுதான். வயதான தாய் தம்மைக் குளிப்பாட்ட மருமகளை விரும்பலாம். கூச்சத்தால் வேறொரு பெண்ணை விரும்பவும் கூடும். இரண்டையும் கேட்டறிவதே பணிவிடை. முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பின் சொல்லும் வரக் கூடாது என்று திருக்குர்ஆனின் 17ஆவது அத்தியாயம் கட்டளையிடுகிறது. அவர்கள் வாயைத் திறக்கவிடாமல் எல்லாவற்றையும் நாமே முடிவு செய்வது மட்டும் எப்படிக் கண்ணியமாகும்?

எனவே முதலாவதாக, ஒவ்வொரு வீட்டிலும் கேட்கும் வழக்கம் வரட்டும். குளியல், உடை, கழிப்பிடம், உணவு, உறக்கம், வெளியே செல்லல் ஆகிய ஆறிலும் உரியவரின் சொல்லே முதற்சொல்லாக இருக்கட்டும். பேச இயலாதவருக்குக் கண்ணசைவும் தலையசைவும் சொல்லே. அவ்ரத்தைப் பேணுவதில், ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் உதவ ஏற்பாடு செய்யப்படட்டும்.

இரண்டாவதாக, பைத்துல் மால் நடத்தும் ஜமாஅத்துகள் உதவியாளர் கூலிக்கென ஒரு பங்கை ஒதுக்கலாம். தகுதியுடையவருக்கு ஜகாத்தாகக் கொடுப்பதானால் அவர் கையிலேயே கொடுங்கள். யாரை அமர்த்துவது, எத்தனை மணி நேரம் என்பதை அவர் முடிவு செய்யட்டும். உதவியாளரின் கூலியை வியர்வை உலருமுன் கொடுப்பது நபிவழி என்பதையும் மறந்துவிட வேண்டாம். அவருக்கும் ஓய்வு வேண்டும். அவருக்கும் குடும்பம் உண்டு. இரவும் பகலும் தனியொருவராகப் பிள்ளையைச் சுமக்கும் தாய்மாருக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்குமானால் அது பெரும் ஸதகா.

மூன்றாவதாக, பள்ளிவாசலில் சாய்தளமோ, ஒளூச் செய்ய உயரமான இருக்கையோ அமைக்குமுன், அதைப் பயன்படுத்தப் போகிறவரை அழைத்து எந்த இடத்தில் வேண்டும் என்று கேளுங்கள். இத்பான் (ரலி) அவர்களின் வீட்டில் நடந்தது அதுதான். முடிந்தால் நிர்வாகக் குழுவிலும் அவருக்கு ஓர் இடம் கொடுங்கள்.

நான்காவதாக, ஊனச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் இல்லாதவர்களுக்கு, திருவள்ளூரிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க இளைஞர்கள் துணை நில்லுங்கள். கடும் பாதிப்புடையோருக்கான மாதப் பராமரிப்பு உதவித்தொகையைத் தமிழக அரசு 2023 ஜனவரி முதல் 2000 ரூபாயாக உயர்த்தியது. அந்தப் பணம் அவருடைய கணக்கில் வந்து, அவருடைய விருப்பப்படியே செலவாகட்டும்.

ஐந்தாவதாக, சொத்துப் பங்கீட்டில் ஊனமுற்ற வாரிசுக்கு அல்லாஹ் விதித்த பங்கு முழுமையாகப் போய்ச் சேரட்டும். அவருக்கு எதற்கு, நாம்தானே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிக் குறைப்பது அநீதி. திருமணத்திலும் அவரது சம்மதம் மற்றவர் சம்மதத்தைப் போன்றதே.

அருமைச் சகோதரர்களே! இன்று உதவுகிற கையாக இருக்கும் நாம், நாளை உதவி தேடும் கையாக மாற ஒரு நொடி போதும். நமக்கு அந்நிலை வரும்போது நம்மை எவ்வாறு நடத்த வேண்டும் என்று விரும்புவோமோ அவ்வாறே இன்று பிறரை நடத்துவோம். நபிகளார் கேட்டார்கள், நாமும் கேட்போம்.

வல்ல ரஹ்மான் நம் வீடுகளிலுள்ள நோயாளிகளுக்கும் ஊனமுற்றோருக்கும் முதியோருக்கும் கண்ணியமான வாழ்வைத் தந்தருள்வானாக! அவர்களின் உள்ளம் நோகாமல் பணி செய்யும் பேற்றை நமக்கு நல்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.